படிக்கட்டு மலைகள்

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு நாள் தக்காண மேட்டுநிலத்தின் குறுக்குவெட்டு முகத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். பாடநூலில் இருந்த படத்தைப் பார்த்தே வரைந்தேன். மலைச்சரிவைக் கீறும்போது, நூலில் இருந்தவாறே நிலைக்குத்தாக ஒரு கோடு, பிறகு கிடையாக ஒரு கோடு, மறுபடி நிலைக்குத்து, மறுபடி கிடை என்று கீறிக்கொண்டு போனேன். முன்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி எழும்பி, "ரீச்சர், அந்த மலைக்கு ஆர் படி கட்டினது?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்ததால் மலை அப்படி இருக்கிறது என்று ஒரே வரியில் விடை சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். அடுக்குகள் மட்டமாகப் படிந்திருந்தால் மலையின் ஓரம் வெட்டிவிட்ட சுவர்போலல்லவா இருக்கவேண்டும், அது ஏன் படிக்கட்டாக ஆனது என்பதே அவள் கேட்ட கேள்வியின் உள்ளிருந்த கேள்வி. அதற்கு நான் விடை சொல்லவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பின், 2023 ஆவணியில் சோதிலிங்கத் தலங்களைத் தரிசிக்கச் சென்ற யாத்திரைக் குழுவோடு நானும் என் கணவரும் மகாராட்டிரம் போனபோதுதான் அந்த மலைகளை நேரில் கண்டேன். அவளுக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் தீயில் பிறந்த கல் கிடையாது. கீரிமலை என்று ஊர் இருக்கிறது, மலை இல்லை. கிணறு வெட்டினால் செம்மண்ணைத் தாண்டியதும் வருவது சுண்ணக்கல். அதை உடைத்துப் பார்த்தால் சிப்பிகளின் தடம் தெரியும். மயோசீன் என்ற நிலவியல் காலத்துக் கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் படிந்து இறுகிய கல் அது. எங்கள் வீடுகளில் கருங்கல் என்று நாம் சொல்லும் பொருட்களான அம்மி, ஆட்டுக்கல், கோயில் மூலவர் என்பனவெல்லாம் வன்னிக்குத் தெற்கிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்தவை, பெரும்பாலும் நைஸ், சார்னகைட், கிரனைட் வகைகள். தமிழில் கருங்கல் என்ற ஒரே சொல்லுக்குள் இவையும், தக்காணத்தில் எரிமலைக் குழம்பு ஆறி உண்டான பசால்ட் என்ற கல்லும் சேர்ந்து கிடப்பதால், பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒன்றென்றே எண்ணிக்கொள்கிறார்கள். நானும் வகுப்பில் பசால்ட்டுக்கு எடுத்துக்காட்டாக அம்மியைச் சொன்னதுண்டு. அது பிழை.

வேறுபாட்டைக் கண்ணாலேயே அறியலாம். அம்மி பொளிபவர் உளியால் ஒரு சில்லை எடுத்த இடத்தை வெயிலில் சரித்துப் பாருங்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு எனத் தனித்தனிப் பளிங்கு மணிகள் மின்னும். நிலத்தின் ஆழத்தில் நெடுங்காலம் வெந்து மெல்ல ஆறிய கல்லில்தான் மணிகள் அப்படிப் பெருக்கும். பசால்ட்டை உடைத்தால் அந்த மணி தெரியாது. உடைந்த முகம் முழுவதும் ஒரே கருஞ்சாம்பல் நிறமாக, அடுப்புக்கரியை அழுத்தித் தேய்த்ததுபோல இருக்கும். நிலத்துக்கு வெளியே கொட்டி விரைவாக ஆறியதால், அதன் கனிமங்களுக்கு வளர நேரம் கிடைக்கவில்லை. இரும்பும் மக்னீசியமும் கூடியிருப்பதால் நிறம் கறுப்பு, கைக்குப் பாரம். மணலின் முதன்மைப் பொருளான சிலிக்கா நூற்றுக்கு 45 முதல் 52 வரையே இருக்கும். கிரனைட்டில் அது 70ஐத் தாண்டும்.

இந்தச் சிலிக்காவின் அளவுதான் மலையின் வடிவத்தையே தீர்மானிக்கிறது. சிலிக்கா கூடினால் பாறைக்குழம்பு இறுகிக் களிபோலாகி, வாயிலேயே அடைத்து, வாயு அழுத்தம் ஏறி வெடிக்கும். சிலிக்கா குறைந்த பசால்ட் குழம்பு 1100 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒடியற்கூழ்போல ஓடும். கூழைத் தட்டில் ஊற்றினால் அது கும்பியாகுமா? பரவி மட்டமாகத்தான் நிற்கும். ஆகவே, சித்திரக்காரர் வரையும் கூம்பு வடிவ எரிமலையைப் பசால்ட் கட்டுவது அரிது. ஹவாய்த் தீவுகளில் அது கவிழ்த்து வைத்த கேடயம்போன்ற மலைகளைக் கட்டியிருக்கிறது. மௌனா லோவாவின் சரிவு, ஏறுகிறோம் என்றே தெரியாத அளவுக்கு மெல்லியது. அயலிலுள்ள மௌனா கியா கடல்மட்டத்திலிருந்து 4207 மீற்றர்தான், ஆனால் அது நிற்கும் கடலடித் தரையிலிருந்து அளந்தால் 9000 மீற்றரைத் தாண்டி எவரெஸ்ட்டையும் விஞ்சும். தக்காணத்திலோ கேடயம் என்று சொல்லத்தக்க தனி மலைகூட இருந்ததாகத் தெரியவில்லை. நிலம் நீளவாக்கில் பிளந்து, பிளவுகளின் வழியே குழம்பு பொங்கிப் பரந்திருக்கிறது. மனிதர் கண்டு எழுதிவைத்த காலத்தில் அப்படி நடந்ததற்குப் பெரிய சாட்சி, ஐஸ்லாந்தின் லாக்கிப் பிளவு. 1783இல் ஏறத்தாழ 27 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலம் வாய்பிளந்து எட்டு மாதம் குழம்பைக் கக்கியது. அதனோடு வந்த நச்சு வாயுக்களால் புல்லும் கால்நடையும் அழிந்து, பஞ்சத்தில் அந்நாட்டு மக்களில் ஐந்திலொரு பங்குக்கு மேல் மடிந்தனர். தக்காணத்தில் கொட்டியதோடு ஒப்பிட்டால் லாக்கி ஒரு துளி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் காட்டி, இலங்கையிலும் எரிமலை இருந்தது என்று பலர் உறுதியாகப் பேசுவார்கள். ஏழு கிணறும் சுடுகின்றன என்பது உண்மை. எரிமலை என்பது உண்மையல்ல. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள இயல்பான வெப்பத்தில் சூடேறி மேலே வருகிறது. நாட்டின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட நிலம் மிகப் பழைய உருமாறிய பாறை.

மும்பையிலிருந்து நாசிக்குக்குப் போகும் ரயில் கசாரா என்ற நிலையத்தைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. பருவமழை இன்னும் விடவில்லை. சன்னல் கம்பிகளில் நீர் வழிந்துகொண்டிருந்தது. குகை ஒன்றைவிட்டு ரயில் வெளியே வந்ததும் இடப்புறம் பள்ளத்தாக்கு திறந்தது, அதற்கு அப்பால் மலை. நான் கரும்பலகையில் கீறிய அதே கோடு. நிலைக்குத்தாக ஒரு கருஞ்சுவர், அதன் காலடியில் பச்சைப் புல் மூடிய ஒரு சரிவு, அதன் கீழ் மறுபடியும் ஒரு கருஞ்சுவர், மறுபடியும் ஒரு பச்சைச் சரிவு என்று நான் எண்ணிய அளவில் ஒன்பது படி. ஒவ்வொரு சுவரிலும் நூல்நூலாக வெள்ளருவிகள் இறங்கி, சரிவில் மறைந்து, அடுத்த சுவரின் விளிம்பில் மறுபடி தோன்றின. அருகே இருந்தவர்கள் அருவியைப் படம் எடுத்தார்கள். எனக்கு அந்தப் பிள்ளையின் குரல் காதில் கேட்டது.

விடை அந்தச் சுவரிலும் சரிவிலுமே இருக்கிறது. ஒரு முறை பரவிய குழம்பு ஒன்றேபோல ஆறுவதில்லை. அடியும் நடுவும் மெல்ல ஆறி, இடைவெளியற்ற கெட்டிப் பாறையாகின்றன. மேற்பகுதியிலோ வாயுக் குமிழிகள் ஏறிவந்து சிக்கி, தோசையின் மேற்புறம்போலக் கண்கண்ணாகத் துளைத்துவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு ஓட்டமும் கீழே வலியது, மேலே மெலியது. அதன்மேல் அடுத்த ஓட்டம், அதிலும் கீழே வலியது மேலே மெலியது என்று அடுக்கு உயர்கிறது. பிறகு ஆறுகளும் மழையும் அறுக்கத் தொடங்கும்போது, துளைத்த பகுதி சீக்கிரம் உக்கி மண்ணாகிச் சரிந்து பின்வாங்குகிறது. கெட்டிப் பகுதி சுவராக நிற்கிறது. ஒரு சுவரும் ஒரு சரிவும் சேர்ந்தால் ஓர் ஓட்டம் என்று, பிழைவிட்டாலும் பெரும்பிழை இல்லாமல், ரயிலில் இருந்தபடியே எண்ணிக்கொண்டு போகலாம். படி கட்டினது ஆர் என்றால், கட்டியது குழம்பு, கொத்தியது மழை.

இந்தப் படிகளே அந்தப் பாறைத்தொகுதிக்கு உலகெங்கும் வழங்கும் பெயரையும் கொடுத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் 'டெக்கான் டிராப்ஸ்' என்பார்கள். இதனைத் தக்காணப் பொறிகள் என்று தமிழில் எழுதியிருப்பதைக் கண்டு நெடுநாள் குழம்பியிருக்கிறேன். எலிப்பொறிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 'திராப்பா' என்பது சுவீடிய மொழியில் படிக்கட்டு. வடதேச நிலவியலாளர்கள் தங்கள் ஊர்க் கரும்பாறை மலைகளுக்கு வைத்த பெயர் அது. தக்காணப் படிப்பாறை என்று எழுதினால் பிள்ளைகளுக்குப் பெயரே பாதிப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும்.

ரயில் பாதைக்காக மலையை வெட்டிய ஓரிடத்தில் வண்டி சற்று நேரம் நின்றது. கைநீட்டினால் தொடலாம் என்ற தூரத்தில் வெட்டுச்சுவர். இரண்டு கரும்பாறை அடுக்குகளுக்கு நடுவே, ஒரு முழ உயரத்துக்கும் குறைவாக, செங்கல் நிறத்தில் ஒரு பட்டி ஓடியது. மழைநீர் அதில் பட்டு, கீழிருந்த கறுப்புப் பாறையின்மேல் சிவப்புக் கோடுகளாக வழிந்திருந்தது. குப்பிளானிலும் ஏழாலையிலும் மழைநாளில் தோட்டத்து வரம்பால் வழியும் செம்மண் நீரின் நிறம் அதே நிறம். அந்தப் பட்டியின் பொருள் ஒரு நீண்ட ஓய்வு. கீழ்அடுக்கு ஆறிய பின் எரிமலை அடங்கியிருந்திருக்கிறது. பாறையின் மேற்புறம் உக்கி மண்ணாகி, இரும்பு துருவேறிச் சிவந்திருக்கிறது. பிறகு அடுத்த குழம்பு வந்து அந்த மண்ணை மூடிச் சுட்டுவிட்டது. எங்கள் செம்மண்ணும் இரும்பின் துருவால் சிவந்ததுதான், மூலப்பாறை மட்டும் வேறு. நிலவியலாளர்கள் இந்தச் சிவப்புப் பட்டிகளில் கிடைக்கும் சிர்க்கோன் என்ற கனிமத்தின் மிகச்சிறு மணிகளைக் கொண்டே படிப்பாறையின் வயதைக் கணித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், பெரும்பகுதி பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்துக்குள், கொட்டித் தீர்த்திருக்கிறது. டைனோசர்கள் அழிந்த காலமும் அதுவே. மெக்சிக்கோவில் விழுந்த விண்கல்லுக்கும் தக்காணத்தின் வாயுக்களுக்கும் அந்த அழிவில் எவ்வளவு பங்கு என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீற்றர். இலங்கையைப்போல ஏழெட்டு நாடுகளை அதற்குள் அடக்கலாம். மேற்கே மகாபலேசுவரம் பக்கத்தில் அடுக்குகளின் மொத்தத் தடிப்பு 2 கிலோமீற்றரைத் தாண்டும். எங்கள் சுண்ணக்கல் அப்போது பிறக்கவே இல்லை.

இவ்வளவும் எங்கிருந்து வந்தது என்றால், இன்றைய றீயூனியன் தீவின் அடியிலிருந்து. புவியின் ஆழத்திலிருந்து வெப்பம் பீறிட்டு எழும் ஓரிடம் அங்கே இருக்கிறது. இந்தியா தன்னைத் தாங்கும் புவியோட்டுத் தட்டோடு வடக்கே நகர்ந்துபோகையில் அதன்மேலாகக் கடந்தது. கடந்தபோது தக்காணம் எரிந்தது. தட்டு நகர நகர, அதே ஊற்று கடலடியில் வரிசையாக மலைகளைக் கட்டிக்கொண்டு வந்தது. இலட்சத்தீவு, மாலைதீவு, சாகோஸ், மொறீசியஸ், கடைசியாக றீயூனியன் என்பவை அந்த வரிசையில் அமைந்தவை. றீயூனியனின் பிட்டோன் டி லா ஃபூர்னேஸ் எரிமலை இன்றும் அடிக்கடி குமுறுகிறது. கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர் கோயில் எழுப்பி வாழும் மொறீசியசும் றீயூனியனும் தக்காணத்தின் தம்பிமாராக இருக்கின்றன என்பதை வகுப்பில் நான் ஒருமுறையும் சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் இவை வேறுவேறு அலகுகளில் இருந்தன.

மாலைதீவின் கதை எனக்கு இவை எல்லாவற்றிலும் நெருக்கமானது. அங்கே மேலே தெரிவதெல்லாம் எங்கள் கரையில் கிடப்பதைப்போன்ற முருகைக்கல். அடியில் இருந்த பசால்ட் மலை ஆறிப் பாரமேறி மெல்ல அமிழ, அதன் தலையில் வாழ்ந்த பவளங்கள் வெளிச்சத்தைத் தேடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வந்தன. எரிபொருள் தேடித் துளையிட்டவர்கள் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் சுண்ணக்கல்லைக் கடந்த பின்பே கரும்பாறையைத் தொட்டார்கள். எங்கள் குசினிக்கு மாசிக் கருவாடு வரும் அந்தத் தீவுகள் ஒவ்வொன்றும் அமிழ்ந்த ஒரு கரிய மலையின் தலையில் நிற்கின்றன. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லின் அடியில் அப்படி ஒன்று இல்லை. அங்கே இருப்பது பழைய நைஸ் தரை. மேலே ஒன்றுபோல் தெரியும் இரண்டு கரைகளுக்கு அடியில் இரண்டு வேறு கதைகள்.

திரியம்பகேசுவரத்தில் இறங்கியபோது மழை நின்றிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் மராத்திய அரசின் தலைமை அமைச்சரான பேசுவா பாலாஜி பாஜிராவ் கட்டத் தொடங்கிய அக்கோயில் முழுக்கக் கரும்பசால்ட். ஈரத்தில் அது கறுப்பாக அல்ல, கருநீலமாகத் தெரிந்தது. கோயிலுக்குப் பின்னால் பிரம்மகிரி சுவர்போல நிற்கிறது. கோதாவரி அங்கேதான் பிறக்கிறது, 1465 கிலோமீற்றர் ஓடி ஆந்திரத்தில் கடலைச் சேர்கிறது. அந்த ஆற்றின் மறுமுனையில், ராசமுந்திரி அருகே, தனித்துக் கிடக்கும் சில பசால்ட் ஓட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் வேதியியல் சேர்க்கை இங்கே மேற்குத்தொடர் மலையில் உள்ளதோடு பொருந்துகிறது. அக்காலத்து ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே 1000 கிலோமீற்றருக்கும் மேலாகக் குழம்பு ஓடிக் கிழக்குக் கடலை அடைந்தது என நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். உலகில் அறியப்பட்ட மிக நீண்ட குழம்போட்டங்களில் அதுவும் ஒன்று. நீர் ஓடும் திசையில் அன்று நெருப்பு ஓடியிருக்கிறது. குசாவர்த்தத் தீர்த்தத்தில் கால் நனைத்தபோது கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்ப ஆத்துக்கு வழி காட்டினது நெருப்போ?" என்று கேட்டார். அப்படியே சொல்லிவிட முடியாது. இன்றைய ஆறு அந்தப் பழைய பள்ளத்தாக்கில்தான் ஓடுகிறது என்று நிறுவியாக வேண்டும். ஆனால் கேட்ட கேள்வி நல்ல கேள்வி.

எல்லோராவுக்குக் கிருஷ்ணேசுவரத் தரிசனம் முடிந்த பிற்பகல் போனோம். வழிகாட்டி ஒரு மணி நேரம்தான் தந்தார். 34 குகைகளில் நான் பதினாறாவதை மட்டும் பார்ப்பதென்று முடிவுசெய்து அங்கேயே இருந்துவிட்டேன். அது கைலாசநாதர் கோயில். 8ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் தொடங்கியது என்பர். மலையின் மேற்றரையில் மூன்று பக்கமும் அகழிபோல வெட்டி இறங்கி, நடுவே விட்டுவைத்த ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து கோயிலாக்கியிருக்கிறார்கள். சிகரம் முதலில், பாதம் கடைசியில். ஏறத்தாழ 30 மீற்றர் உயரம். ஒரு கல்லும் கொண்டுவந்து வைக்கப்படவில்லை. எடுத்தது மட்டும்தான்.

பின்சுவரின் ஓரமாக நின்று மேலே பார்த்தேன். உளித்தடங்கள் சரிவாக, மழைச்சாரல்போல இறங்கியிருந்தன. அந்தச் சுவரிலேயே குழம்பு அடுக்கின் எல்லை தெரிந்தது; ஒரு மட்டத்தில் பாறை வழுவழுப்பாகவும், அதற்கு மேல் வெள்ளைப் புள்ளி தெளித்ததுபோலவும் இருந்தது. அந்தப் புள்ளிகள் பழைய வாயுக் குமிழிகள், பிறகு வந்த நீர் அவற்றில் சியோலைட் என்னும் வெண்கனிமத்தை நிரப்பிவிட்டது. யானைகளும் தூண்களும் இருந்த மட்டத்தில் கல் கெட்டியாக இருந்தது. சிற்பிகள் அந்த அடுக்கைப் படித்தறிந்தே வெட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நிலவியல் என்ற சொல் இல்லாத காலத்தில் உளிமுனையில் அவர்களுக்கு அந்த அறிவு இருந்திருக்கிறது.

அங்கே நின்றபோதுதான் இத்தனை காலம் நான் பிழையாக எண்ணியிருந்தது எது என்பது தெளிவாயிற்று. மலை என்றால் நிலத்திலிருந்து எழும்பியது என்பதே என் மனத்தில் இருந்த படம். இமயம் அப்படித்தான், தட்டுகள் மோதி மடிந்து எழுந்தது. ஆனால் ரயிலில் நான் கண்ட படிமலைகள், ஒவ்வொன்றும் தன்னளவில் எழும்பியவை அல்ல. இந்தக் கரையும் மேட்டுநிலமும் மொத்தமாக உயர்ந்ததுண்டு. ஆயினும் தனித்தனி மலையாகத் தெரிவதெல்லாம், ஒருகாலத்தில் மட்டமாகப் பரந்திருந்த கருந்தரையை ஆறுகள் அறுத்துக்கொண்டு போக, அறுபடாமல் மீந்தவை. அதனால்தான் அவற்றின் உச்சிகள் மேசைபோலத் தட்டையாக இருக்கின்றன, எதிரெதிர் மலைகளின் படிகள் ஒரே மட்டத்தில் நேருக்கு நேர் நிற்கின்றன. மராத்தியர் கோட்டைகளுக்கு அந்தத் தட்டை உச்சிகளே இடம் கொடுத்தன. 1674இல் சிவாஜி முடிசூடிய இராய்காட் அப்படியொரு மேசை. மகாராட்டிரத்தின் மிக உயர்ந்த கல்சுபாய், 1646 மீற்றர், அதுவும் மீந்ததே. மழை செய்ததையே சிற்பியும் செய்திருக்கிறான், அளவு சிறியது, காலம் குறைவு. வழிகாட்டி வந்து தோளைத் தட்டும்வரை நான் அங்கேயே நின்றேன்.

பசால்ட் என்ற பெயரிலும் ஒரு செய்தி உண்டு. கிரேக்கத்தில் உரைகல்லைக் குறித்த 'பசனிற்றஸ்' என்ற சொல், இலத்தீன் ஏடுகளைப் படியெடுத்தவர்களின் கைப்பிழையால் 'பசால்ட்டஸ்' ஆகியது என்பார்கள். 1546இல் அக்ரிகோலா என்ற ஜெர்மானிய அறிஞர் தன் நாட்டு ஸ்டோல்ப்பன் கோட்டைக் குன்றின் தூண்பாறைக்கு அதை இட்டார், பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் தட்டார் பொன் உரைக்கும் கல்லும் கறுப்புத்தான். அது பெரும்பாலும் வேறு வகைக் கல், ஆனால் நிறத்தைக் கண்டு பெயர் கொடுத்த பழக்கம் நாம் கருங்கல் என்பதைப்போன்றதே. அந்தத் தூண்பாறை கடல்நீரிலிருந்து படிந்தது என்று 18ஆம் நூற்றாண்டில் பேரறிஞர்களும் நம்பினார்கள். பிரான்சின் ஓவேர்ன் மலைகளில் 1763இல் தெமரே என்பவர், தூண்களைத் தொடர்ந்து நடந்துபோய், அவை அணைந்த எரிமலையின் குழம்போட்டத்தோடு சேருவதைக் கண்டார்.

தூண்களைப் பற்றிச் சொல்லாமல் பசால்ட்டைப் பற்றி எழுதி முடிக்க முடியாது. வட அயர்லாந்தின் அரக்கன் பாதை என்ற கடற்கரையில் ஏறத்தாழ 40,000 தூண்கள், தேன்கூட்டின் அறைகள்போல ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன என்பதைப் படங்களில்தான் கண்டிருக்கிறேன். உடுப்பிக்கு அருகிலுள்ள சென்ற் மேரிஸ் தீவுகளிலும் அத்தகைய தூண்கள் உண்டு, ஆனால் அவற்றின் பாறை சிலிக்கா கூடியது, சரியாகச் சொன்னால் பசால்ட் அல்ல. நான் நேரில் கண்டது மும்பையின் அந்தேரியில், அடுக்குமாடிகள் நெருக்கி நிற்கும் தெருவின் முடிவில் இருக்கும் கில்பேர்ட் குன்று. 61 மீற்றர் உயரத்துக்கு நிமிர்ந்த கருந்தூண்களின் கட்டு அது. பாறையில் வெட்டிய படிகளால் ஏறினால் உச்சியில் அம்மன் கோயில். அடியில் சலவைத் துணி காய்கிறது, பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். சுற்றியிருந்த பெருங்குன்றைக் கல்லுக்காக வெட்டித் தீர்த்துவிட்டார்கள், நிற்பது மிச்சம் என்று ஏறும் வழியில் ஒருவர் சொன்னார். அதைக் கேட்க நெஞ்சு கனத்தது. ஆறரைக் கோடி ஆண்டு நின்ற கல்.

அந்தத் தூண்கள் எப்படி ஆகின்றன என்பதை வீட்டுக்கு வந்து பேத்தியோடு செய்து பார்த்தேன். டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே முறையில் பசால்ட்டை விளங்கிக்கொள்ள முயன்றிருக்கிறார்கள், எவரும் வீட்டில் செய்யலாம். கோன்பிளவர் மாவையும் தண்ணீரையும் ஒரே நிறையில் கலந்து, இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் மூன்று விரற்கடை உயரத்துக்கு ஊற்றினோம். ஒன்றைக் குண்டு மின்குமிழின் கீழ் வைத்தோம், மற்றதை அலுமாரிக்கு மேல் நிழலில். மின்குமிழின் கீழ் இருந்தது அடுத்த நாளே மேலே பெரிய வெடிப்புகளாகப் பிளந்தது, ஆவணியில் வற்றிய குளத்தின் சேறுபோல. அவளுக்கு அதில் ஆர்வமில்லை. அவள் எதிர்பார்த்தது தூண். ஆறாம் நாள் கட்டியைக் கவிழ்த்து மெல்ல உடைத்தேன். உள்ளே, வெடிப்புக்கு அடியில், சோக்கட்டியின் நிறத்தில், நெருப்புக்குச்சியைவிடச் சற்றுத் தடித்த தூண்கள் செங்குத்தாக நெருங்கி நின்றன. "அம்மம்மா, உள்ளுக்கை பென்சில் பெட்டி மாதிரிக் கிடக்கு!" என்றாள். நிழலில் வைத்தது காய இரண்டு கிழமைக்கு மேல் எடுத்தது. அதன் தூண்கள் தடித்தவை.

குழம்பும் அப்படியே. மாவு நீரை இழந்து சுருங்குகிறது, பாறை வெப்பத்தை இழந்து சுருங்குகிறது. மேற்புறம் முதலில் சுருங்கும்போது அடி இன்னும் சுருங்காமல் இழுத்துப் பிடிப்பதால் மேற்புறம் வெடிக்கிறது. குளிர்ச்சி கீழே இறங்க இறங்க வெடிப்பும் அதோடு இறங்குகிறது, தூண் நீள்கிறது. மெல்ல ஆறினால் தூண் தடிக்கும், விரைந்து ஆறினால் மெலியும். ஆகவே தூணின் தடிப்பைக் கண்டு, அந்தக் குழம்பு எவ்வளவு பொறுமையாக ஆறியது என்பதைக் கணிக்கலாம். குளிர்ந்த முகத்துக்குச் செங்குத்தாகவே தூண் வளரும் என்பதால், வளைந்த தூண்களைக் கண்டால் பக்கவாட்டிலும் ஏதோ அதை ஆற்றியிருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

பேத்தி இன்னும் இதை விடவில்லை. அன்றிரவு முற்றத்தில் நிலவில் முயலைக் காட்டி, அந்தக் கரிய திட்டுகளும் பசால்ட்தான், 1969இல் அப்பலோ 11இல் போனவர்கள் அங்கிருந்து கொண்டுவந்த கற்கள் 350 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய குழம்பு என்று சொன்னேன். அவள் முயலைப் பார்த்துவிட்டு, "அங்கையும் தூண் இருக்குமோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்த் தன் தூண்களை எண்ணத் தொடங்கினாள். உடையாமல் எடுத்த இருபத்தேழில் பதினான்கு ஆறு பக்கம், எட்டு ஐந்து பக்கம், ஐந்து ஏழு பக்கம். எல்லாம் ஏன் ஆறாக இல்லை என்பது அவளுடைய கேள்வி. மேற்புறத்தில் முதல் வெடிப்புகள் கண்டபடி தொடங்கி, ஒன்றையொன்று செங்கோணத்தில் முட்டுகின்றன. ஆழத்துக்குப் போகப் போகத்தான் அவை தம்மைத் திருத்திக்கொண்டு 120 பாகையில் சந்திக்கின்றன, அப்போதுதான் ஆறு பக்கம் மிகுதியாகிறது. எங்கள் கிண்ணம் மூன்று விரற்கடை ஆழம்தான், திருத்திக்கொள்ள இடம் போதவில்லை. அதற்காக இப்போது ஒரு சாண் உயரமான போத்தலில் மா ஊற்றி அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறோம். இன்றோடு பதினெட்டாம் நாள், அடி இன்னும் ஈரம்.